வேர்க்கடலை அலர்ஜிக்கு ஓஐடி ட்ரீட்மென்ட்: எங்க பொண்ணு எடுத்துக்கிட்டதை வெச்சு ஒரு ரிவியூ

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, குழந்தையில இருந்தே வேர்க்கடலை அலர்ஜி. ஓரல் இம்யூனோதெரபி, சுருக்கமா ஓஐடி, அதாவது அலர்ஜி தர்ற பொருளையே துளித்துளியா தினமும் சாப்பிட வெச்சு மெதுவா அளவை ஏத்தறது, அந்த ட்ரீட்மென்ட்ல அளவு ஏத்தற கட்டத்தை முடிச்சு இப்போ மெயின்டனன்ஸ்ல, அதாவது தினமும் ஒரே அளவு எடுக்கற கட்டத்துல இருக்கா. இங்க இருக்கிற நம்ம தமிழ் குடும்பங்கள் நிறைய பேர் போன் பண்ணி கேக்கறாங்க, எப்படி இருக்கு, சேக்கலாமா, பயமா இல்லையான்னு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். கிளினிக் பேரு டாக்டர் பேரு எதுவும் போடல. 5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். அந்த ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு கீழ வரும்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது அலர்ஜியை குணப்படுத்தற ட்ரீட்மென்ட் இல்ல. தெரியாம கொஞ்சம் வாயில போயிட்டா உயிருக்கு ஆபத்து வராத அளவுக்கு உடம்பை பழக்கறது, அவ்வளவுதான். இது புரியாம சேர்ந்தா பாதி வழியில மனசு ஒடிஞ்சு போயிடும்.

நம்ம வீட்டு சமையல்ல வேர்க்கடலை எங்கெங்க இருக்குன்னு யோசிச்சு பாருங்க. புளியோதரைல, எலுமிச்சை சாதத்துல, மிக்ஸர்ல, தோசைக்கு சட்னில, சில வீட்டு இட்லி பொடில, நவராத்திரி சுண்டல்ல. அப்புறம் எண்ணெய். இங்க அமெரிக்காவுல நல்லா ரிஃபைன் பண்ண கடலை எண்ணெய்க்கு அலர்ஜி லேபிளே தேவையில்லைன்னு சட்டம், ஏன்னா ரிஃபைன் பண்றப்போ புரோட்டீன் போயிடும், அலர்ஜி வர்றது புரோட்டீனால தான். ஆனா செக்குல ஆட்டின எண்ணெய்ல அது கொஞ்சம் தங்கி இருக்கும். இப்போ ஊர்ல எல்லாரும் உடம்புக்கு நல்லதுன்னு செக்கு எண்ணெய்க்கு மாறிட்டாங்க, அதனால முன்னாடி பயம் இல்லாம சாப்பிட்ட சொந்தக்காரங்க வீட்லயே கேட்டு கேட்டு சாப்பிட வேண்டியதா போச்சு. கோயில்ல பிரசாதம் கைல வாங்கி கண்ல ஒத்திட்டு எங்கிட்ட குடுத்துடுவா. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ எங்க மாமனார் ஆசையா ஒரு டப்பா வாங்கி, ஊர்ல இருந்து இங்க வந்தவங்க கிட்ட குடுத்து விட்டாரு, அது வீட்டுக்குள்ளயே வரல, பக்கத்து வீட்டுக்கு போயிடுச்சு. இந்த மாதிரி சின்ன சின்ன விஷயங்கள் ஒரு பிள்ளையை எவ்வளவு தனியா ஆக்கும்னு அலர்ஜி இருக்கிற வீட்டுக்கு தான் தெரியும்.

கிளினிக் தேர்ந்தெடுக்கறதைப் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். முதல்ல நாங்க போன இடத்துல ஒரு அரைமணி நேரம் பேசினாங்க, பழைய ரிப்போர்ட்டை மேலோட்டமா பாத்தாங்க, சில மாசத்துல பொண்ணு எது வேணா சாப்பிடலாம்னு உறுதி குடுத்தாங்க, உடனே பேமென்ட் பிளான் பேப்பரை நீட்டினாங்க. என் வீட்டுக்காரர் ரியாக்‌ஷன் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு, அதெல்லாம் வராதுன்னு சொன்னாங்க. அந்த ஒரு பதிலுக்காகவே எழுந்து வந்துட்டோம். ஓஐடில ரியாக்‌ஷன் வராதுன்னு யார் சொன்னாலும் அங்க சேக்காதீங்க.

இப்போ போற கிளினிக்ல முதல் நாளே வித்தியாசம் தெரிஞ்சுது. டாக்டரம்மா நாற்காலியை பொண்ணு பக்கம் திருப்பி போட்டுக்கிட்டு அவகிட்ட தான் பேசினாங்க, நாங்க ரெண்டு பேரும் ஓரமா உக்காந்திருந்தோம். "உனக்கு இது வேணுமா, இல்ல அம்மா அப்பாவுக்கு வேணுமா"ன்னு கேட்டாங்க. அவ கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ஸ்கூல் டிரிப்புக்கு மத்தவங்க மாதிரி போகணும், ஆனா தினமும் சாப்பிடணும்னா பயமா இருக்குன்னு சொன்னா. அவசரமே இல்ல, வீட்டுக்கு போய் யோசின்னு அனுப்பிட்டாங்க. யோசிச்சு அவளே சரின்னு சொன்ன பிறகு தான் ஆரம்பிச்சோம். டீனேஜ் பிள்ளைங்களுக்கு இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், தினமும் அந்த டோஸை வாயில போடப் போறது அவங்க தான், நாம எத்தனை நாள் பின்னாடியே நிக்க முடியும்.

டெஸ்ட் எல்லாம் மறுபடி முதல்ல இருந்து எடுத்தாங்க. தோல்ல குத்தி பாக்கறது, ரத்தத்துல ஐஜிஇ (அலர்ஜியை தூண்டுற எதிர்ப்புப் பொருள்) அளவு, அதோட வேர்க்கடலைல இருக்கிற புரோட்டீன்களை தனித்தனியா பாக்கற டெஸ்ட். அரா எச் 2ங்கிற புரோட்டீனுக்கு அளவு அதிகமா இருந்தா நிஜமான அலர்ஜியா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், அரா எச் 8 மட்டும் இருந்தா பெரும்பாலும் பிர்ச் மரத்து மகரந்த அலர்ஜியோட சம்பந்தப்பட்டது, லேசா தான் இருக்கும்னு விளக்கினாங்க. வெறும் ஸ்கின் டெஸ்ட் பாசிட்டிவ்னு வெச்சே வருஷக்கணக்கா ஒதுக்கி வெச்சிருக்கிற பிள்ளைங்க இருக்காங்க, சிலருக்கு அலர்ஜியே இருக்காதாம். அதனால டாக்டர் கண் முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட வெச்சு பாக்கற சேலஞ்ச் டெஸ்ட் பண்ணாம ஓஐடில இறங்காதீங்க.

அப்புறம் நம்பர்ஸ். டாக்டரம்மா நல்லதும் கெட்டதும் சேத்தே காமிச்சாங்க. 2018ல வந்த பாலிசேட் ஆய்வுல ஓஐடி எடுத்த 4 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 67.2 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் வேர்க்கடலை புரோட்டீனை தாங்கினாங்க, வேர்க்கடலை இல்லாத சும்மா மாவு எடுத்தவங்கள்ல 4 சதவீதம் தான். அதை வெச்சு தான் 2020 ஜனவரில பால்ஃபோர்சியாங்கிற வேர்க்கடலை மாவு மருந்துக்கு எஃப்டிஏ, அதாவது அமெரிக்க அரசோட மருந்து அனுமதி அமைப்பு, அனுமதி குடுத்தது, உணவு அலர்ஜிக்கு அனுமதி வாங்கின முதல் மருந்து அது. ஆனா 2019ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல 12 ஆய்வு, 1041 பேர், எல்லாத்தையும் சேத்து பாத்தப்போ, ஓஐடி எடுத்தவங்கள்ல 22.2 சதவீதம் பேருக்கு அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தாகக் கூடிய கடுமையான அலர்ஜி) வந்திருக்கு, எடுக்காம ஒதுக்கி சாப்பிட்டவங்கள்ல 7.1 சதவீதம். அதாவது ட்ரீட்மென்ட் நடக்கிற காலத்துல ரியாக்‌ஷன் கூடுதலா தான் வரும். அது தெரிஞ்சு, எபிபென் (அந்த நேரத்துல தொடைல போட்டுக்கிற எபினெஃப்ரின் ஊசி) கைல வெச்சுக்கிட்டு, டாக்டர் போன் நம்பரோட, எப்போ வரும்னு ஓரளவு எதிர்பார்த்து வர்ற ரியாக்‌ஷன் அது. யாரோ வீட்டு பர்த்டே பார்ட்டில யாருக்கும் எதுவும் தெரியாம வர்றது வேற. எங்களுக்கு இந்த வித்தியாசம் தான் முடிவு எடுக்க வெச்சுது, உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், அதுலயும் தப்பில்ல.

இன்னொண்ணு, நடுவுல நிறுத்தினா என்ன ஆகும். ஸ்டான்ஃபோர்ட்ல பண்ண ஒரு ஆய்வுல (அதுவும் 2019ல வந்தது தான்) ரெண்டு வருஷம் எடுத்துட்டு சுத்தமா நிறுத்தினவங்கள்ல, நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சு 13 சதவீதம் பேர் தான் டெஸ்ட்ல குடுத்த முழு அளவை தாங்கினாங்க. அதனால தான் தினமும், நாள் தவறாம, வருஷக்கணக்கா.

எப்படி நடக்கும்னு சொல்றேன். முதல் நாள் கிளினிக்ல பல மணி நேரம் இருக்கணும், அரை மில்லிகிராம் வேர்க்கடலை புரோட்டீன்ல இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க, ஒவ்வொரு தடவையும் பிபி, மூச்சு, தோல் எல்லாம் பாப்பாங்க. அரை மில்லிகிராம்னா கண்ணுக்கே சரியா தெரியாது, அதுக்கே எனக்கு கை நடுங்குச்சு. அப்புறம் 3 மில்லிகிராம்ல வீட்ல தினமும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிளினிக் போய் அடுத்த அளவை அங்கயே குடுத்து ஒரு மணி நேரம் உக்கார வெச்சு பாத்துட்டு அனுப்புவாங்க. இப்படியே ஏத்தி ஏத்தி 300 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரே ஒரு வேர்க்கடலை. எல்லாம் சரியா போனா அஞ்சாறு மாசம், நடுவுல காய்ச்சல் சளி வந்தா இன்னும் இழுக்கும். எங்களுக்கு நல்லாவே இழுத்துச்சு. நாங்க எடுத்தது கிளினிக்ல அளந்து பாக்கெட் போட்டு குடுத்த வேர்க்கடலை மாவு, மேல போக போக நிஜ வேர்க்கடலை.

சாப்பாட்டுல இருக்கிற கஷ்டத்தை விட நேரம் தான் பெரிய கஷ்டம். இதை யாரும் முன்னாடியே சொல்ல மாட்டேங்கிறாங்க. டோஸ் எடுத்த பிறகு ரெண்டு மூணு மணி நேரம் ஓடக் கூடாது, ஆடக் கூடாது, வெந்நீர்ல குளிக்கக் கூடாது. உடம்பு சூடாகி ரத்த ஓட்டம் ஏறினா அதே டோஸ் அன்னைக்கு ரியாக்‌ஷன் குடுத்துடும். வெறும் வயித்துல எடுக்கக் கூடாது, எடுத்துட்டு உடனே தூங்கவும் கூடாது, ஒரு மணி நேரமாவது முழிச்சிருக்கணும். காய்ச்சல்னா டாக்டரை கேக்காம குடுக்கக் கூடாது. தூக்கம் கெட்ட அன்னைக்கு, பீரியட்ஸ் நேரத்துல, ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போட்ட அன்னைக்கு எல்லாம் ஜாக்கிரதை. எங்க பொண்ணு பரதநாட்டியம் கத்துக்கிறா, கிளாஸ் சாயந்திரம். ஸ்கூல் விட்டு வந்து உடனே டோஸ் எடுத்தா கிளாஸ் போக முடியாது, கிளாஸ் முடிச்சு வந்தா உடம்பு ஆறணும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் டோஸ், அப்புறம் முழிச்சிருக்கணும், நடுவுல ஹோம்வொர்க். அரங்கேற்றத்துக்கு ரெடி ஆகிட்டிருக்கிற பிள்ளைங்க இருந்தா அந்த வருஷம் ஓஐடி ஆரம்பிக்காதீங்க, முடிச்சிட்டு பாத்துக்கலாம். தீபாவளி அன்னைக்கு விடியக்காலைல எண்ணெய் தேச்சு வெந்நீர்ல குளியல், பட்டாசு, ஓட்டம்னு இருக்கும்ங்கிறதால அன்னைக்கு டோஸ் மத்தியானத்துக்கு தள்ளி போச்சு, நர்ஸ் கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வெச்சிருந்தோம். அவங்க எண்ணெய் குளியல்னா என்னன்னு பொறுமையா கேட்டு எழுதி வெச்சுக்கிட்டாங்க, அதுக்கே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

டேஸ்ட் விஷயம். பிறந்ததுல இருந்து ஆபத்துன்னு சொல்லி வளத்த ஒரு பொருளை வாயில வைக்கச் சொன்னா எந்த பிள்ளைக்கும் குமட்டும். மாவை சூடான சாப்பாட்டுல கலக்கக் கூடாது, ஆறினதுல தான். ஆப்பிள் சாஸ், புட்டிங் எல்லாம் சொன்னாங்க, எங்க வீட்ல கடைசில ஒத்துக்கிட்டது கெட்டித் தயிர்ல மாம்பழக் கூழ் சேத்து குழைச்சது. சில பிள்ளைங்க கடைசி வரைக்கும் அந்த வாசனையை வெறுக்குறாங்க, அவங்களை திட்டாதீங்க.

எங்களுக்கும் ஒரு பெரிய ரியாக்‌ஷன் வந்துச்சு. நடு அளவுல இருந்தப்போ ஒரு ஸ்கூல் நிகழ்ச்சி முடிஞ்சு தூக்கம் இல்லாம களைச்சு போயிருந்த வாரம், டோஸ் எடுத்து அரைமணி நேரம் கழிச்சு கழுத்துல தடிப்பு, வயித்து வலி, அப்புறம் தொண்டை இறுக்குற மாதிரி இருக்குன்னு சொன்னா. பிளான் ஷீட் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, அதுல ரெண்டு இடத்துல அறிகுறி வந்தா காத்திருக்காம எபினெஃப்ரின்னு எழுதியிருக்கு. அவளே தொடைல போட்டுக்கிட்டா, நான் 911 கூப்பிட்டேன், டாக்டரம்மா நம்பருக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டாரு. ராத்திரி நேரம், ஆன்சரிங் சர்வீஸ் இல்ல, அவங்களே எடுத்தாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பொண்ணு கிட்ட பேசிக்கிட்டே இருந்தாங்க, அவளை படுக்க வைங்க, எழுந்து நடக்க விடாதீங்கன்னு எங்களுக்கு சொன்னாங்க. ஆஸ்பத்திரில பல மணி நேரம் வெச்சு பாத்துட்டு அனுப்பினாங்க. மறுநாள் கிளினிக்ல அளவை கீழ இறக்கி, அதுலயே பல வாரம் நிறுத்தி, அப்புறம் தான் மெதுவா ஏத்தினாங்க. நல்லா போற நாள்ல எல்லா கிளினிக்கும் நல்லா தான் இருக்கும், அதனால முதல் சந்திப்புலயே கேளுங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு போன் எடுக்கறது யாருன்னு.

ஊர்ல இருந்து எங்கம்மா வீடியோ கால்ல கேட்டாங்க, "ஏண்டி, விஷம் மாதிரின்னு சொல்லி பிள்ளைய வளத்துட்டு இப்போ தினமும் நீயே குடுக்கிறியே, இது என்ன வைத்தியம்?" பொண்ணே பதில் சொன்னா. "பாட்டி, என் உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டை போடுது, கொஞ்சமா தினமும் உள்ள போனா பழகிடும், ஆனா நிறுத்தினா மறந்துடும்". எங்கம்மாவுக்கு அது போதுமா இருந்துச்சு, அன்னைல இருந்து தினமும் டோஸ் நேரத்துக்கு கால் பண்ணி பேத்திகிட்ட பேசி அவளை முழிச்சிருக்க வைக்கறது அவங்க வேலையா போச்சு.

ஊசி வழியும் இருக்கு, அதையும் டாக்டர் சொல்லணும், சொல்லலன்னா நீங்க கேளுங்க. சோலேர்னு பேரு, மருந்து ஒமாலிசுமாப், ஆஸ்துமாவுக்கு ரொம்ப வருஷமா இருக்கு, 2024 பிப்ரவரில உணவு அலர்ஜிக்கும் ஒரு வயசுக்கு மேல அனுமதி குடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவை ஊசி. அந்த ஆய்வுல ஊசி போட்டவங்கள்ல 67 சதவீதம் பேர் 600 மில்லிகிராம் தாங்கினாங்க, மருந்து இல்லாத சும்மா ஊசி போட்டவங்கள்ல 7 சதவீதம். பால், முட்டை, முந்திரின்னு பல அலர்ஜி ஒண்ணா இருக்கிற பிள்ளைங்களுக்கு இது நல்ல வழின்னு எனக்கு தோணுது, ஒரே ஊசி எல்லாத்துக்கும் சேந்து வேலை செய்யுது. எங்க பொண்ணுக்கு ஒரே அலர்ஜி, ஊசின்னா பயம், அதனால ஓஐடி.

இப்போ அந்த போன ஸ்டார். பில்லிங். ஒவ்வொரு விசிட்டுக்கும் இன்சூரன்ஸ் ஒரு மாதிரி கணக்கு போடுது, சில விசிட்டை சேலஞ்ச் டெஸ்ட்னு எடுத்துக்குது, சிலதை எடுத்துக்கல, மாவுக்கும் மெட்டீரியல் சார்ஜ்னு தனியா வந்துச்சு, மூணு மாசம் கழிச்சு பழைய பில் வருது. மருத்துவம் அவ்வளவு நல்லா இருக்கிற இடத்துல ஆபீஸ் வேலை இப்படி இருக்கக் கூடாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எந்த கோட்ல பில் பண்ணுவீங்கன்னு எழுத்துல வாங்கி இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட நீங்களே கேட்டுடுங்க. அப்புறம் விசிட் எல்லாம் வேலை நாள் பகல்ல தான், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் லீவு போடணும், ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல இது சாதாரண விஷயம் இல்ல.

பலன் என்னன்னா, பொண்ணு இப்போ ஸ்கூல்ல அலர்ஜி டேபிள்ல தனியா உக்காறதில்ல, ஃப்ரெண்ட்ஸோட உக்கார்றா. போன கோடைல சென்னை போனப்போ சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தில உக்காந்து சாப்பிட்டா. வேர்க்கடலை போட்டதுன்னு தெரிஞ்சதை இன்னும் தொடல, எண்ணெய் என்னன்னு கேட்டுக்கிட்டா, எபிபென் ரெண்டும் பைல இருந்துச்சு, எல்லாம் பழைய மாதிரி தான், ஆனா பரிமாறுற கரண்டி மாறி போயிருக்குமோன்னு ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தை பாக்கல. எனக்கு அது போதும், இவ்வளவு பாடுபட்டது அதுக்கு தான்.

சேக்க வேண்டாதவங்க யாருன்னா, ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லாத பிள்ளைங்க கண்டிப்பா வேண்டாம், உணவுக்குழாய்ல ஈஓஈங்கிற அழற்சி இருந்தவங்களும் வேண்டாம், ஓஐடி எடுக்கறப்போ அந்த அழற்சி புதுசா வரவும் வாய்ப்பிருக்கு, முழுங்க கஷ்டமா இருக்கு, அடிக்கடி வாந்தின்னா உடனே சொல்லணும். வீட்ல ரொம்ப நெருக்கடியான வருஷமா இருந்தாலும் தள்ளி போடுங்க. யூடியூப் பாத்து வீட்லயே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து பாக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், கெஞ்சி கேக்கறேன்.

கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. லண்டன்ல பண்ண லீப் ஆய்வு 2015ல வந்துச்சு, அலர்ஜி வர வாய்ப்பு அதிகமா இருந்த 640 குழந்தைங்க. சின்னதுல இருந்தே வேர்க்கடலை சாப்பிட்டவங்கள்ல அஞ்சு வயசுல 3.2 சதவீதம் பேருக்கு தான் அலர்ஜி, ஒதுக்கி வெச்சவங்கள்ல 17.2 சதவீதம். அதனால மூத்த பிள்ளைக்கு அலர்ஜின்னு பயந்து சின்னதுக்கும் குடுக்காம இருக்காதீங்க, குழந்தை டாக்டர் கிட்ட எப்போ எப்படி ஆரம்பிக்கலாம்னு இப்பவே கேளுங்க. முழுசா குடுத்தா தொண்டைல அடைச்சுக்கும், கரைச்சு தான் குடுக்கணும்.

சேக்கறதா முடிவு பண்ணா கோடை லீவுல ஆரம்பிக்கற மாதிரி பாத்துக்குங்க, முதல் சில விசிட்டுக்கு ஸ்கூல் போகாது, தூக்கமும் சரியா இருக்கும். நல்ல கிளினிக்ல புது பேஷண்ட்டுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும், அதனால போன் மட்டும் குளிர்காலத்துலயே பண்ணி வெச்சுடுங்க.